ஒருவகையில் உண்மை



சினிமாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவது வழக்கமில்லை. ஆயினும் இவ்வாரம் ஒரு சினிமாத் தொடரையே எடுத்துக்கொள்கிறேன். பொய் என்பது எது, மறைப்பது என்பது எது, பிள்ளைக்குத் தன் பிறப்பைப் பற்றி அறிய எவ்வளவு உரிமை உண்டு என்னும் கேள்விகள் அதிலே வெகு தெளிவாக எழுந்து நிற்கின்றன. நம் பிள்ளைகளோ அக்கதையை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

'ஸ்டார் வார்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்கரான ஜார்ஜ் லூக்காஸ் எழுதி இயக்கிய முதல் படம் 1977-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. 2019-ம் ஆண்டுக்குள் அது ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் ஒன்பது படங்களாக வளர்ந்துவிட்டது. இடையிலே நாவல்களும் சித்திரக் கதைகளும் தொலைக்காட்சித் தொடர்களும் ஏராளம். விண்வெளிக் கப்பல்களும் ஒளி வாள்களும் நிறைந்த விஞ்ஞானக் கதைதான். ஆனால் அவற்றையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது யார் யாருக்கு என்ன உறவு என்ற கேள்வியே.

படம் பார்க்காத பெரியவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாலைவனமான ஒரு கிரகத்தில், ஓவன் என்பவரும் அவர் மனைவி பெருவும் நடத்தும் பண்ணையில் லூக் என்னும் வாலிபன் வளர்கிறான். பெற்றோர் இல்லை. தகப்பனார் சரக்குக் கப்பலில் வழிகாட்டும் வேலை பார்த்தவர் என்று ஓவன் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அப்பகுதியில் தனித்து வாழும் ஓபி-வான் என்ற முதியவர் அதை மறுக்கிறார். தகப்பன் சிறந்த வீரன், தமக்கு உற்ற நண்பன் என்றும், தம்மிடம் பயின்ற டார்த் வேடர் என்பவன் துரோகியாகி அவரைக் கொன்றுவிட்டான் என்றும் அவனுக்குச் சொல்லுகிறார். பிற்பாடு அம்முதியவரும் வேடரின் வாளுக்கே இரையாகிறார். பையன் தகப்பனுக்காகவும் குருவுக்காகவும் பழிதீர்க்கப் புறப்பட்டவனாகிறான்.

1980-ல் இரண்டாம் படம் வந்தது. அதிலே வேடர் லூக்கின் வலது கையை வெட்டி வீழ்த்திவிட்டு, நானே உன் தகப்பன் என்கிறார். படம் பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். அது மெய்யா பொய்யா என்று மூன்று வருஷம் வாதாடினார்கள். வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் என்ற நடிகரே, அவ்வசனத்தைப் படித்தபோது, இவன் பொய் சொல்லுகிறான் என்று தாம் நினைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1983-ல் வந்த மூன்றாம் படம் அது மெய்யே என்று தீர்த்து வைத்தது. அத்துடன், முதற் படம் தொட்டு லூக்கோடு கூடவே வரும் லேயா என்னும் இளவரசி அவனுடைய இரட்டைப் பிறவித் தங்கை என்றும் சொல்லிற்று.

கதாசிரியர் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே யோசித்து வைத்திருந்தாரா? இரண்டாம் படத்துக்கு முதல் கையெழுத்துப் பிரதி எழுதியவர் லீ பிராக்கெட் என்ற நாவலாசிரியை. அந்த அம்மையார் 1978-ம் வருஷம் மார்ச் மாதம் காலமானார். அவர் எழுதி வைத்த பிரதியில் லூக்கின் தகப்பனார் ஆவி வடிவில் தோன்றி மகனோடு பேசுகிறார். வேடர் முற்றிலும் வேறு ஆள். அவர் மறைவுக்குப் பின் லூக்காஸ் தாமே எழுதிய பிரதியில்தான் வேடரும் தகப்பனும் ஒருவராகிறார்கள். லேயாவின் காரியம் இன்னும் தெளிவு. 1978-ல் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதி வெளிவந்த நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் இடையே காதல் அரும்புவதாக இருக்கிறது. 1980-ம் வருஷத்துப் படத்திலேயே அவள் அவனுக்கு முத்தமிடுகிறாள். தங்கை என்று தெரிந்து எழுதியவன் அப்படி எழுதியிருக்க மாட்டான்.

இதனால் வரும் விளைவைக் கவனியுங்கள். 1977-ல் ஓபி-வான் அந்தப் பையனுக்குச் சொன்னது மெய். கதைக்குள்ளும் மெய், கதாசிரியன் மனத்திலும் மெய். நல்ல கிழவர் ஒருவர் அனாதைப் பையனுக்கு அவன் தகப்பனைப் பற்றிச் சொல்லுகிறார், அவ்வளவே. மூன்று வருஷம் கழித்து எழுதியவர் வேறு முடிவு செய்தார். அதே கணத்தில் அக்கிழவர் பொய்யராகிவிட்டார். சொன்ன வார்த்தையில் ஓரெழுத்து மாறவில்லை. முகபாவமும் மாறவில்லை. நம்மில் யாருக்கும் இப்படி நேராது. மனதறிந்து மெய் சொன்னவனை, பின்னால் நடக்கும் எந்தக் காரியமும் பொய்யனாக்க முடியாது. பொய் என்பது நினைப்புக்கு மாறாகப் பேசுவது என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் சொல்லுகிறார். சொன்னபோது நினைத்தது எதுவோ அதை வைத்தே தீர்ப்பு. ஆனால் கதையில் வரும் மனிதனுக்குச் சொந்தமாக ஒரு மனம் இல்லை. எழுதுகிறவன் அவனுக்கு இன்று ஒரு மனத்தைக் கொடுக்கலாம். நாளை அதை மாற்றி, அந்த நாளிலும் இவன் இப்படித்தான் நினைத்தான் என்று சொல்லிவிடலாம்.

இனி அக்கிழவருக்கு ஒரு சமாதானம் தேவையாயிற்று. 1983-ம் வருஷத்துப் படத்தில் ஆவியாகத் தோன்றும் ஓபி-வானிடம் லூக் நேராகவே கேட்கிறான்: ஏன் என்னிடம் மறைத்தீர்? அவர் சொல்லும் விடை யாதெனில், உன் தகப்பன் தீமைக்கு உடன்பட்டு வேடராக மாறியபோது அவனுக்குள்ளிருந்த நல்ல மனிதன் அழிந்து போனான். ஆகையால் வேடர் அவனைக் கொன்றான் என்று நான் சொன்னது ஒருவகையில் உண்மையே. பையன் இதைக் கேட்டுத் திருப்தி அடையவில்லை. நானும் அடையவில்லை.

குருமடத்தில் நாங்கள் படித்த பாடங்களில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வாயால் ஒன்றைச் சொல்லி, அதன் மிச்சத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்தால் மெய்தானே என்று சமாதானம் செய்துகொள்வதைப் பற்றியது அது. கேட்கிறவன் எவ்வளவு யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி மனத்துக்குள் வைத்துக்கொள்வதும், சொற்களிலேயே இரு பொருள் இருப்பதால் கவனித்துக் கேட்டால் பிடிபடக்கூடியதாக வைப்பதும் ஒன்றல்ல. முன்னதை நியாயப்படுத்திய கருத்துகளை 11-ம் இன்னசென்ட் பாப்பானவர் 1679-ல் கண்டனம் செய்தார். பின்னதற்கு ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் அர்ச். அத்தனாசியாருடையது. நைல் நதியில் அவரைத் துரத்தி வந்த அரச சேவகர்கள், யாரென்று தெரியாமல் அவரிடமே, அத்தனாசியார் எங்கே என்று விசாரித்தார்களாம். அவர் தொலைவில் இல்லை என்று விடை வந்ததாம். சேவகர்கள் அவசரமாகத் துடுப்பு வலித்துப் போய்விட்டார்களாம். கதையைக் கேட்டு வகுப்பில் நாங்கள் சிரிப்போம். ஆனால் அதில் உள்ள நியாயம் சிரிப்புக்குரியதன்று. உயிரைப் பறிக்க வந்தவனுக்கு அந்த உண்மையைக் கேட்கும் உரிமை இல்லை. மெய்யை விவேகமாய் மறைப்பது பொய் சொல்வதாகாது என்று அர்ச். தோமாஸும் ஒப்புக்கொள்கிறார்.

ஓபி-வானை இந்தத் தராசில் வையுங்கள். கேட்டவன் பகைவனல்ல, மகன். தகப்பன் யார் என்று அறிய அவனைவிட உரிமை உள்ளவன் யார்? சொன்ன சொல்லிலோ இரு பொருளைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. துரோகம் செய்து கொன்றுவிட்டான் என்று கேட்கும் எவனும், ஒருவன் இன்னொருவனைக் கொன்றதாகத்தான் எடுத்துக்கொள்வான். உபமானம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அவர் பக்கமும் பேச வேண்டியது கொஞ்சம் உண்டு. உலகம் அறியாத பையன். சந்தித்த முதல் நாள். உன் தகப்பன்தான் அந்தக் கொடியவன் என்று அன்றே போட்டு உடைத்தால் அவன் தாங்குவானா? இந்தத் தயக்கம் நல்லது. உன் தகப்பனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, காலம் வரட்டும் என்று நிறுத்தியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள். நிறுத்தாமல் ஒரு கொலையையும் கொலைகாரனையும் அவன் கையில் கொடுத்தார். அதன்மேல் பையன் தன் கோபத்தையும் கடமையையும் கட்டி எழுப்பினான். அவர் இறந்து ஆவியாகவும் வந்து பேசுகிறார், அப்போதும் திருத்தவில்லை. முடிவிலே என்ன கேட்கிறார்? வேடரை நீ எதிர்த்தே ஆகவேண்டும் என்கிறார். என் தகப்பனை நான் கொல்லமாட்டேன் என்று லூக் சொன்னபோது, அப்படியானால் பகைவன் வென்றாயிற்று என்கிறார்.

என் மனத்தை உறுத்துவது இந்த இடமே. உண்மை வெளிப்படாமல் இருந்திருந்தால், மகன் தகப்பனைக் கொன்றிருப்பான். கொன்ற பிறகும் தான் யாரைக் கொன்றோம் என்று அறியாமலே இருந்திருப்பான். உறவு தெரிந்த ஒரே காரணத்தால் அவன் வாளை எறிந்துவிட்டு நிற்கிறான். அதனால்தான் தகப்பன் கடைசியில் மனந்திரும்பி, தன் உயிரைக் கொடுத்து மகனைக் காப்பாற்றுகிறான். அந்தக் குடும்பத்துக்கு வந்த மீட்பு முழுவதும், பெரியவர்கள் மறைக்க நினைத்த ஒரு செய்தியின் வழியாகவே வந்தது. அதைச் சொன்னவனோ பகைவன்.

கதை என்று தள்ளிவிட வேண்டாம். தத்தெடுத்த பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் வளர்க்கும் வீடு உண்டு. விட்டுப்போன தகப்பனை, இறந்து போனார் என்று சொல்லும் வீடு உண்டு. தாயின் முதல் விவாகத்தைப் பற்றி ஊரே அறிந்திருக்க, பிள்ளை மட்டும் அறியாத வீடும் உண்டு. ஐந்து வயதுக் குழந்தை கேட்டால், பிறகு சொல்கிறேன் கண்ணு என்று சொல்லலாம். பிறகு என்பது வந்தே தீரவேண்டும். எப்போது என்று கேட்பீர்கள். வருஷக் கணக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிள்ளை தான் நம்பியதை வைத்து ஒரு காரியம் செய்யப் புறப்படும்போது, அதாவது ஒருவரை வெறுக்க, ஒருவரை மணக்க, ஒரு பழியைச் சுமக்கத் தொடங்கும்போது, அதற்கு முன் சொல்லியாகவேண்டும். அதற்கு மேலும் வாய் மூடியிருப்பவர் மறைக்கிறவர் அல்லர், ஏமாற்றுகிறவர்.

இனி ஓவனிடம் வருகிறேன். அவரும் பொய் சொன்னவரே. தகப்பனின் வேலையையே மாற்றிச் சொன்னவர். 1977-ம் வருஷத்துப் படத்தில் அவர் கடுகடுப்பான பண்ணைக்காரர். பையனை வெளியே அனுப்ப மனமில்லாமல், அறுவடை முடியட்டும், இன்னொரு வருஷம் இரு என்று நிறுத்தி வைக்கிறவர். பையனுக்குத் தகப்பனின் குணம் நிறைய இருக்கிறது என்று மனைவி சொல்லும்போது, அதுதான் தமக்குப் பயம் என்கிறார். அன்று பார்த்தவர்களுக்கு அது வீட்டுக்கு வீடு உள்ள பேச்சாகத்தான் பட்டிருக்கும்: ஊர் சுற்றப் போய்விடுவானோ என்ற பயம். 1980-க்குப் பிறகு அதே காட்சியைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. அந்தத் தகப்பன் யாராக ஆனான் என்று தெரிந்த ஒருவர், இந்தப் பையனும் அப்படி ஆகிவிடுவானோ என்று தினமும் பயந்துகொண்டே சோறு போட்டு வளர்த்திருக்கிறார்! எழுதியவரின் எந்த மாற்றம் ஓபி-வானைக் கீழே தள்ளிற்றோ, அதே மாற்றம் இந்தச் சிடுமூஞ்சிக்காரரை உயர்த்திவிட்டது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்ததாகத் தோன்றவில்லை.

ஓவன் லூக்குக்கு என்ன உறவு? ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். நம் பாஷையில் அப்படித் தப்பமுடியாது. தகப்பனுடன் பிறந்தவரானால் பெரியப்பா அல்லது சித்தப்பா. தாயுடன் பிறந்தவரானால் மாமா. முதற் படத்தை 1977-ல் தமிழில் சொல்லப் புகுந்த ஒருவன், முதல் காட்சியிலேயே மாட்டிக்கொண்டிருப்பான். எழுதினவருக்கே விடை தெரிந்திருக்காது. 1983-ல் மூன்றாம் படத்தோடு வந்த நாவலில் ஓவன் ஓபி-வானின் சகோதரர் என்று எழுதப்பட்டது. அப்படியானால் அவர் லூக்குக்கு இரத்த உறவே அல்ல. 2002-ல் வந்த படத்தில் மறுபடியும் மாற்றினார்கள்: லூக்கின் பாட்டி ஓவனின் தகப்பனாருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். ஆகவே இரத்தத் தொடர்பில்லாத, ஆனால் உறவு முறையுள்ள ஒரு பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆகிறார்.

இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்று உண்டு. அந்த வீட்டில் அப்பையன் சாப்பிட்ட சாப்பாடு. முறை என்ன என்று எழுதியவருக்கே தெரியாத காலத்திலும் ஓவனும் பெருவும் அவனை வளர்த்தார்கள். அவன் வீட்டில் இல்லாத ஒருநாள், அரசாங்கச் சிப்பாய்கள் தேடிவந்து வீட்டை எரித்து, அவர்களையும் கொன்று போட்டார்கள். உறவைக் காட்டும் ஏட்டை எப்படித் திருத்தினாலும் அதைத் திருத்த யாராலும் முடியவில்லை.

ஏடு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: எழுதியதை அழித்து அதன்மேல் எழுதுவதில்லை. பிற்பாடு விவாகமோ வேறு மாற்றமோ வந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறோம். பழையதும் தெரியும், புதியதும் தெரியும். லூக்காஸ் ஓரத்தில் எழுதுகிறவர் அல்லர், மேலேயே எழுதுகிறவர். மூன்றாம் படத்தின் முடிவில் மனந்திரும்பிய தகப்பன் ஆவியாகத் தோன்றும் காட்சியில் முதலில் இருந்தவர் செபாஸ்டியன் ஷா என்ற முதிய நடிகர். 2004-ல் வீடுகளில் பார்ப்பதற்காகத் தட்டுகளில் வெளியிட்டபோது, அவரை எடுத்துவிட்டு, பின்னைய படங்களில் தகப்பனாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார்கள். தன் தகப்பனை முதுமையில்தான் லூக் பார்த்தான். இப்போது ஒரு வாலிபன் நின்று அவனைப் பார்த்துச் சிரிக்கிறான்.

சில இடங்களில் மேலே எழுதவும் மறந்துபோனார்கள். 1983-ம் வருஷத்துப் படத்தில், தன்னைப் பெற்ற தாய் தான் சிறுமியாயிருக்கையிலே இறந்ததாகவும், அவள் அழகும் அன்பும் துயரமும் சற்று நினைவிருப்பதாகவும் லேயா சொல்லுகிறாள். 2005-ல் வந்த படத்திலோ, இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற உடனே தாய் இறந்துவிடுகிறாள். ரசிகர்கள் இதைப் பெரிய முரண்பாடாகப் பேசுவார்கள். எனக்கு அது அவ்வளவாக உறுத்தவில்லை. பார்த்திராத தாயைப் பற்றித் தெளிவான ஞாபகம் வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

2012-ல் இத்தொடரை டிஸ்னி கம்பெனியார் வாங்கினார்கள். 2014-ம் வருஷம் ஏப்ரல் மாதம், அதுவரை வந்த நாவல்களும் சித்திரக் கதைகளும் மெய்யான கதையில் சேராது, 'பழங்கதைகள்' என்ற பெயரில் தனியாக இருக்கும் என்று அறிவித்தார்கள். டிமதி ஸான் 1991-ல் எழுதத் தொடங்கிய நாவல்கள் முதற்கொண்டு வாசகர்கள் தொடர்ந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. லேயாவுக்கும் ஹான் சோலோவுக்கும் இரட்டைப் பிள்ளைகளும் பின்னர் இன்னொரு மகனும். லூக்குக்கு மாரா என்ற மனைவி, பென் என்ற மகன். அத்தனை பேரும் ஒரே நாளில் பிறவாதவர்களானார்கள். 2015-ல் வந்த படத்தில் லேயாவுக்கு ஒரே மகன். லூக்குக்கு மனைவியுமில்லை, பிள்ளையுமில்லை. பென் என்ற பெயர் மட்டும் லூக்கின் வீட்டிலிருந்து தங்கையின் வீட்டுக்கு மாறிப்போயிற்று. அந்நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் வருந்தியது நியாயமே. வணிகத்துக்கு வேறு வழி இருந்ததா என்பது என் ஆராய்ச்சி அன்று.

கடைசி மூன்று படங்களில் ரே என்னும் பெண் வருகிறாள். பெற்றோரால் கைவிடப்பட்டு, பழைய இரும்பு பொறுக்கிப் பிழைத்தவள். 2017-ல் ரியான் ஜான்சன் எடுத்த படத்தில், பகைவர் கூட்டத்தானான அந்த லேயாவின் மகன் அவளிடம் சொல்லுகிறான்: உன் பெற்றோர் யாருமில்லை, குடிக்குப் பணம் வேண்டி உன்னை விற்றவர்கள். கேட்கக் கசப்பானாலும் எனக்கு அது மிகவும் பிடித்த இடம். பெரிய குலத்தில் பிறவாத ஒரு பெண் பெரிய காரியம் செய்யலாம் என்று அப்படம் ஒப்புக்கொண்டது. 2019-ல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் எடுத்த படத்தில் அதை மாற்றினார்கள். அவள் கொடிய சக்கரவர்த்தியின் பேத்தியாம். முன்பு சொன்னது என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதே வாலிபன் சமாதானம் சொல்லுகிறான்: நான் பொய் சொல்லவில்லை, உன் பெற்றோர் உன்னைக் காப்பதற்காக யாருமில்லாதவர்களாய் வாழ்ந்தார்கள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் ஓபி-வான் சொன்ன அதே விடை. எழுதுகிறவர்கள் உறவை மாற்றும்போதெல்லாம், யாரோ ஒருவர் ஒருவகையில் உண்மையே என்று சொல்லவேண்டி வருகிறது.

2019-ம் வருஷத்துப் படத்தின் இறுதியில் ரே அந்தப் பாலைவனப் பண்ணைக்குப் போகிறாள். ஓவனும் பெருவும் லூக்கை வளர்த்த வீடு மணலில் புதைந்து கிடக்கிறது. லூக்கும் லேயாவும் ஏந்திய வாள்களை அங்கே புதைக்கிறாள். வழியே வந்த கிழவி ஒருத்தி நீ யார் என்று கேட்க, ரே என்கிறாள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்க, சற்று யோசித்து, லூக்கின் குடும்பப் பெயரான ஸ்கைவாக்கர் என்பதையே தன் பெயராகச் சொல்லுகிறாள். பாட்டனாரின் பெயரை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவள் உரிமை, சரிதான். ஆனால் அந்த வீடு ஸ்கைவாக்கர் வீடு அன்று. அதைக் கட்டிக் காத்தவர்களின் குடும்பப் பெயர் லார்ஸ். ஒன்பது படங்களில் யாரும் அப்பெயரைத் தமக்கென்று கேட்டு வாங்கவில்லை.